மடூல்சீமையில் படிந்த மஞ்சள்

மலைநாட்டுப் புத்தகங்கள் – 11

தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் மு. நித்தியானந்தனின் ‘கூலித் தமிழ்’ (2014) நூலை இன்னொரு தடவை புரட்டினேன். ஓர் ஆண்டு என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது: 1869.

ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சான ஆண்டு அது. கோப்பிப் பயிர்ச்செய்கையைப் புகழ்ந்து பாடும் நூல். அதே 1869இல்தான் இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. எங்கே? நம்முடைய மடூல்சீமையில்! ஹாலிஎலயிலிருந்து பதுளைக்குப் போய், பசறை வழியாக ஏறினால் அந்த மலை. இத்தனை வருடம் அந்தப் பக்கம் போய்வருகிறேன். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை.

நோய் வருவது ஓசையில்லாமல். இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படியும். காற்றும் மழையும் அதைப் பரப்பும். இலை உதிரும், செடி காய்ப்பை விடும். இருபது வருடங்களுக்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. 1867இல் லூல்கந்துரயில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை மலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் இரண்டு கோப்பி மரங்கள் நின்றன. மழைக்காலத்தில் அப்பாயி இலையைத் திருப்பி விரலால் தடவி, “மஞ்ச பூத்துருச்சுடா, இந்த வருசம் காய் இல்ல” என்பார். அவர் விரலில் ஒட்டியது ஒரு தேசத்தின் வருமானத்தையே கவிழ்த்த தூள் என்பது இந்த வாரம்தான் எனக்கு விளங்கியது.

கும்மியைப் பற்றி என் மனம் இரண்டாக நிற்கிறது. பெண்கள் கைகொட்டி ஆடும் வடிவத்தை எடுத்துத் துரைமார் பக்கம் நின்று பாடியது எனக்கு உவப்பில்லை. ஆனாலும் கோப்பிக்காலத்தின் தமிழ்ச் சொல் அச்சில் தங்கிய இடம் அது, தள்ளிவிட முடியாது.

‘கூலித் தமிழ்’ நூலிலும் எனக்குக் குறை உண்டு. கட்டுரைகள் தனித்தனியே நிற்கின்றன. ஒரே வரலாறாகக் கோத்துத் தந்திருக்கலாம். ஆனால், துரைமார் தொழிலாளரை ஏவுவதற்காகத் தமிழ் கற்ற கைநூல்களைத் தேடியெடுத்து, அவற்றில் ஒன்றின் பெயரையே தலைப்பாக்கி, ‘கூலி’ என்ற சொல்லைத் திருப்பிக் கேள்வி கேட்க வைத்தாரே, அந்த உழைப்புக்கு முன் என் குறை சிறியது. மலையகத்தைப் பற்றி எழுத வருகிறவர் முதலில் படிக்கவேண்டிய நூல் இதுவே.

இடம் முடிந்துவிட்டது. 1934இல் இந்த ஹாலிஎலப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப், மலையை விட்டுக் கொழும்பைக் களமாக்கி எழுதிய ‘குடை நிழல்’ அடுத்த வாரம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய கும்மிப் புத்தகமோ, பாட்டெழுதிய கொப்பியோ இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.