பிஎச்.டி. படிக்கிறீங்களா? கைடு மட்டும் போதாது, கெடுவும் தெரிஞ்சிருக்கணும்!

ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி... நாகர்கோவிலில் இப்படி எந்தக் கல்லூரியில் ஆய்வு செய்தாலும், பட்டம் தருவது திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்தான். ஒரு பிரச்சினை வந்தால் யாரிடம் போவது? "கேட்டா கைடு கோவிச்சுக்குவாரோ" என்று பலர் மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால், உங்களுக்கான விதிகள் எழுத்தில் உள்ளன. பலவற்றுக்கும் நாள் கணக்கும் உண்டு.

எத்தனை ஆண்டுகள்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் சலுகை அளிக்கலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண்கள் 240 நாட்கள் வரை விடுப்பு பெறலாம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆய்வை அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

ஒவ்வொரு செமஸ்டரும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன் உங்கள் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சடங்காக நினைக்காதீங்க. கைடு அல்லாத மற்றவர்களும் உங்கள் வேலையைப் பார்க்கும் இடம் அது.

காப்பி அடித்தால்?

2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால், 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால், ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வேடுகளை 'ஷோத்கங்கா' தளத்தில் போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். மின்னிதழ்களுக்கு 'என்-லிஸ்ட்' வசதி இருக்கிறதா என்று கல்லூரி நூலகரிடம் கேளுங்க.

குறை இருந்தால்?

2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் கைக்கு வந்த 15 வேலை நாட்களுக்குள் கூடுமானவரை அக்குழு அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையா? அது கிடைத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 30 நாட்களுக்குள் தீர்த்துவைக்க அவர் முயல வேண்டும்.

பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்க. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால், கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்" என்று இருப்பதில் இந்தக் கெடு கரைந்துவிடும்.

இன்றே செய்ய வேண்டியது

பதிவு ஆணை, குழுக் கூட்டக் குறிப்புகள், கைடுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதியோடு ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள். நேரில் பேசியதையும் அன்றைக்கே ஒரு மெயிலாகப் போட்டுவிடுங்க. வாய்ப்பேச்சுக்குத் தேதி கிடையாது; மெயிலுக்கு உண்டு.

மனசு பாரமாக இருந்தால் 14416 'டெலி மானஸ்', பெண்கள் உதவிக்கு 181. இந்த இரண்டு எண்களையும் இப்போதே போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.