மருந்தின் விவரம் நோயாளிக்கும் உரியதே

மருந்தை உட்கொள்பவர் நோயாளி. ஆயினும் அதன் விவரங்கள் மருத்துவருக்கும் மருந்து விற்பவருக்குமே உரியன என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இந்நிலை மாறிய விதம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கருத்தடை மாத்திரைகளின் தீங்குகள் குறித்து 1970-ம் ஆண்டில் செனட்டர் கேலார்டு நெல்சன் தலைமையில் விசாரணை நடைபெற்றது. இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்துவிடும் அபாயம் அங்குப் பேசப்பட்டது. சாட்சி சொல்ல வந்தோர் நிபுணர்கள். மாத்திரை உண்ட பெண்கள் அழைக்கப்படவில்லை. பார்வையாளராக வந்திருந்த பெண்கள் சிலர் எழுந்து, இவ்வபாயம் தங்களுக்கு ஏன் தெரிவிக்கப்படவில்லை என்று இடைமறித்துக் கேட்டனர். அவ்வாண்டிலேயே, அம்மாத்திரையுடன் நோயாளிக்கென ஒரு விளக்கத்தாள் வைக்கவேண்டுமென விதி ஏற்பட்டது. நோயாளிகள் வீணே அஞ்சுவர் என்று மருத்துவர் சங்கத்தார் ஆட்சேபித்தமையால் அத்தாள் மிகவும் சுருங்கியது. கணக்கைக் காட்டினால் அங்கத்தினர் கலங்குவர் என்று கூறும் சங்கக் காரியதரிசிகளை நாம் அறிவோம். அவ்வாதத்தை விட இது வலுவுடையதன்று. 1980-ல் வேறு பத்து வகை மருந்துகளுக்கும் விளக்கத்தாள் வைக்க விதி செய்தனர். 1982-ல் அதனைக் கைவிட்டனர்.

ஐரோப்பிய நாடுகள் 1992-ம் ஆண்டின் கட்டளையால் மருந்துப் பொட்டலங்களில் விளக்கத்தாளைக் கட்டாயமாக்கின. தாளை வைத்தால் மட்டும் போதுமா? உபவிதிகளைப் படிக்காமலே கையொப்பமிடுவோர் நம்மிடையே எத்தனை பேர்! எனவே, தாளை நோயாளிகளிடம் காட்டிச் சோதிக்கவேண்டுமென 2004-ல் விதித்தனர். வழக்கமான முறையில் இருபது பேரிடம் தாள் தரப்படுகிறது. ஒரு வேளை மருந்து தவறினால் என்ன செய்வது என்பன போன்ற வினாக்களுக்குரிய விடையைத் தாளில் தேடிக் கண்டு, அவர்கள் தம் சொந்தச் சொற்களில் கூறவேண்டும். பதினாறு பேரேனும் சரியாகக் கூறாவிடில் திருத்தப்பட வேண்டியது தாளே. படித்தவர் அறிவைக் குறை கூறுவதில்லை.

ஜப்பானில் நோயாளியிடம் சிறு மருந்துக் குறிப்பேடு இருக்கும். வாங்கும் மருந்துகளை எல்லாம் மருந்துக் கடையில் அதில் பதிந்து தருவர். 2011-ம் ஆண்டின் ஆழிப்பேரலையில் மருத்துவமனைப் பதிவுகள் அழிந்தபோது, அக்குறிப்பேட்டைக் காத்தவர்களுக்குப் பழைய மருந்தே தடையின்றிக் கிடைத்தது.

நம் நாட்டிலோ பொட்டலத்துள் இருக்கும் தாள் பெரும்பாலும் மருத்துவருக்கென ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டது. எனினும் 2015-ம் ஆண்டின் மருந்தக நடைமுறை ஒழுங்குவிதிகளின்படி, மருந்தின் பயன், அளவு, பக்க விளைவுகள், பாதுகாக்கும் முறை, ஒரு வேளை தவறினால் செய்யவேண்டியது ஆகியவற்றை மருந்தாளுநர் நோயாளிக்கு விளக்கவேண்டும். கடையில் மருந்து வாங்கும் அங்கத்தினர் இவற்றைத் தயங்காது கேட்கலாம்.