காஞ்சிக் கோயில்களில் கேமரா

காஞ்சிபுரத்துக் கோயில்களில் எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதற்கு வழிபாட்டு மரபே எல்லை வகுத்திருக்கிறது. கருவறையில் உள்ள மூலவரைப் படம் எடுப்பதில்லை. நேரில் வந்துதான் சேவிக்க வேண்டும். உற்சவரோ, சன்னதிக்கு வர இயலாதவர்களுக்கும் காட்சி தருவதற்காகவே வீதிக்கு எழுந்தருள்கிறார். வைகாசிக் கருட சேவையில் வரதராஜப் பெருமாளைத் தெருவில் நின்று படம் எடுப்பது அந்த மரபுக்கு முரணானதல்ல.

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. வழிபாட்டின் அமைதியைக் கருதினால் அது தேவையான உத்தரவே. ஆனால் காஞ்சியின் செல்வம் மதிலிலும் தூணிலும் திருச்சுற்றிலும் கூடப் பரந்து கிடக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கைலாசநாதர், வைகுந்தப் பெருமாள் கோயில்களில் இவற்றைச் சொந்தப் பயனுக்காகப் படம் எடுக்கலாம். முக்காலி வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும்.

கைலாசநாதர் கோயில் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. திருச்சுற்றை ஒட்டி 58 சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. மணற்கல் ஆதலால் சிற்பங்கள் பொரிந்து உதிர்கின்றன. பிற்காலத்தில் பூசிய சுதை பல முகங்களை மூடியிருக்கிறது. 1931-இல் ழுவோ துப்ரே இங்கே பல்லவர் கால ஓவியங்களைக் கண்டறிந்தார். இன்று எஞ்சியிருப்பவை சில கோடுகளும் வண்ணத் திட்டுகளுமே. அவற்றின் மீது பிளாஷ் வெளிச்சம் போடவே கூடாது. முன்மண்டபத் தூணில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு உள்ளது. காஞ்சியை வென்றும் இக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் திருப்பியளித்ததை அது சொல்கிறது. இத்தகைய எழுத்துகளைப் படம் எடுக்க உச்சி வெயில் உதவாது. காலையிலோ மாலையிலோ சாய்வாக விழும் ஒளியில்தான் வெட்டுகள் நிழல் பெற்றுத் தெளியும்.

வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பிரமனில் தொடங்கும் வம்ச வரிசை, கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன் வரை வருகிறது. சி. மீனாட்சி இதை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டது. இக்கோயில் ஒரு திவ்ய தேசமும் ஆகும். பெருமாளைச் சேவித்தவுடன் திரும்பிவிடும் யாத்ரீகர்கள் இந்தச் சுவரைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

பழைய படங்கள் கோயிலைக் காத்ததும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து தமிழகக் கோயில்களைப் படம் எடுத்துத் தொகுத்து வருகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியது. 1994-இல் பிரெஞ்சு நிறுவனம் அக்கோயிலில் எடுத்து வைத்திருந்த படங்கள், சிலை எங்கிருந்து போனது என்பதைக் காட்டிக்கொடுத்தன. 2014-இல் நடராஜர் இந்தியா திரும்பினார். பக்தர் எடுக்கும் படமும் இப்படிப் பயன்பட வேண்டுமானால், முதலில் முழுச் சுவர், அடுத்து அந்தச் சிற்பம், பிறகு அதன் நுணுக்கம் என்று நெருங்கிச் செல்வது நல்லது. தேதியையும் இருப்பிடத்தையும் குறித்து வைக்க வேண்டும்.

ஊரின் தென்மேற்கே வேகவதிக் கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம் தமிழ்ச் சமணர்களின் தலம். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஐ ஒட்டிக் கட்டினார். விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியமாக விரிகின்றன; கீழே தமிழில் விளக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. டி.என். ராமச்சந்திரன் 1934-இல் எழுதிய நூலில் இந்த ஓவியங்கள் ஒவ்வொன்றாக விவரிக்கப்பட்டிருக்கின்றன. அதனுடன் ஒப்பிட்டால் எது மங்கியது, எது அழிந்தது என்று கண்டுகொள்ளலாம். ஓவியத்தை மட்டும் எடுத்து எழுத்தை வெட்டிவிட்ட படம் அந்த ஒப்பீட்டுக்குப் போதாது.