ஆறு விநாடியில் ஒரு போர்

சடுகுடு ஆட்டத்தில் பாடிச் செல்பவனுக்குக் கிடைப்பது ஒரே மூச்சு. எதிரணிக் களத்தில் எவ்வளவு தூரம் செல்வது, யாரைத் தொடுவது, எப்போது திரும்புவது ஆகிய யாவும் அந்த ஒரு மூச்சுக்குள் அடங்க வேண்டும். மூச்சுக்கு எல்லை இல்லையேல் அவ்வாட்டத்தில் விவேகத்திற்கு இடமில்லை. மேலைநாட்டு மேசையாட்டம் ஒன்றும் இவ்வுண்மையின் மீதே நிற்கிறது.

அதுதான் பாத்திரமேற்று ஆடும் ஆட்டம். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி, 1974-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகையில் முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்ததாகும். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். அவருள் ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். காட்சியை அவர் விவரிப்பார். மற்றவர்கள் தம்மை வீரனாகவோ மந்திரவாதியாகவோ கருதிக்கொண்டு, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று வாயால் சொல்வர். செய்த முயற்சி பலித்ததா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை சொல்லும்.

விதி எதற்கு?

சொல்லுக்கு ஏது எல்லை? ‘ஓடினேன், வாளை உருவினேன், மூவரை வெட்டினேன், கதவைச் சாத்தினேன்’ என்று ஒருவர் அடுக்கிக்கொண்டே போகலாம். அப்படி விட்டுவிட்டால் வாய் வல்லவர் மட்டுமே ஆடுவார். கூச்சமுள்ளவர் வேடிக்கை பார்ப்பார். ஆகவேதான் விதிகள் காலத்தை அளந்து, எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுகின்றன.

1979-இல் வந்த விதிநூலில் போரின் ஒரு சுற்று ஒரு நிமிடமாக இருந்தது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 6 விநாடியாகச் சுருங்கியது. பகடை காட்டும் வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வாய்ப்பு வரும்.

2014-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அந்த வாய்ப்பில் சாதாரண மனிதன் 30 அடி நகரலாம். படத்தில் ஒரு கட்டம் 5 அடி. ஆகவே ஆறு கட்டங்கள். சேறும் கல்லும் நிறைந்த இடத்தில் ஓரடி ஈரடியாகக் கணக்கிடப்படும். கீழே விழுந்தவன் எழுந்து நிற்கவே பாதி நடை செலவாகும். நடையோடு ஒரு செயலும் உண்டு: தாக்கலாம், மந்திரம் ஓதலாம், அல்லது அச்செயலையே விட்டுக் கொடுத்து இன்னும் 30 அடி ஓடலாம். வாளை உருவுதல், கதவைத் திறத்தல் போன்ற சிறு காரியம் ஒன்றுக்குச் செலவில்லை. இரண்டாவதற்கு அந்தச் செயலையே தர வேண்டும். ஓரிரு சொல் பேசுவதற்கும் செலவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

வீரன் ஒருவன் பகைவனோடு நேருக்கு நேர் நிற்கிறான். 45 அடிக்கு அப்பால் அவன் நண்பன் உயிருக்குப் போராடிக் கிடக்கிறான். மருந்து வீரனிடம் இருக்கிறது. நடந்து சென்றால் 30 அடியோடு நின்றுவிடுவான். ஓடினால் நண்பனை அடைவான். ஆனால் செயல் தீர்ந்துவிட்டதால் மருந்தை ஊட்ட முடியாது. அன்றியும், பகைவனின் கைக்கெட்டும் தொலைவை விட்டு விலகும்போது அவன் ஒருமுறை தாக்கலாம். அத்தாக்குதலைத் தவிர்த்துப் பதுங்கி விலகவும் வழியுண்டு. அதற்கும் அதே செயல்தான் விலை. இதற்கிடையே நண்பன் தன் முறையில் பகடை உருட்டியாக வேண்டும். 10-க்குக் குறைந்தால் அது ஒரு தோல்வி. மூன்று தோல்விகள் சேர்ந்தால் மரணம்.

வெட்டுப் பட்டேனும் ஓடுவதா, பகைவனை முதலில் வீழ்த்துவதா? மேசையைச் சுற்றி இருப்போர் மூச்சடக்கிக் காத்திருப்பது இந்த முடிவிற்காகவே.

வேறொரு கணக்கு

‘பாத்ஃபைண்டர்’ என்னும் ஆட்டத்தின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பு நடை, செயல் என்ற வேற்றுமையையே நீக்கிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்கு மூன்று செயல்கள். நடப்பது ஒன்று, வாளை உருவுவது ஒன்று, வெட்டுவது ஒன்று. மூன்றையும் வெட்டுக்கே செலவிடலாம். ஆனால் இரண்டாம் வெட்டுக்குப் பகடையில் பொதுவாக 5, மூன்றாவதற்கு 10 குறைக்கப்படும். எளிய கணக்கு, ஆயினும் எதை விடுவது என்ற கேள்வி இங்கும் தீரவில்லை.

அடிக்கணக்கும் விநாடிக்கணக்கும் கற்பனைக்குத் தடை என எண்ணுவோர் உண்டு. எண்ணிப் பார்த்தால் உண்மை வேறு. நேரம் எல்லையின்றி இருந்தால், நண்பனைக் காப்பது எவர்க்கும் எளிது. ஆறு விநாடிதான் உண்டு என்னும்போதுதான், அவனை நோக்கி எடுத்து வைக்கும் ஓரடிக்கும் மதிப்பு உண்டாகிறது.