கல்லூரி வாசலில் காத்திருக்கும் உதவிகள்

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் தம் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். யார் வாரிய உறுப்பினராகலாம், யார் ஆகலாகாது, குடவோலை எடுக்கும் முறை யாது என்பனவெல்லாம் அதில் உள்ளன. பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் தகுதியிழந்தனர். அந்த விதிகள் ஊரார் கண்ணெதிரே சுவரிலேயே இருந்தன.

இன்று அதே வட்டாரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் பட்டப்படிப்புக்காகச் செல்லும் பிள்ளைகளுக்கும் விதிகள் உண்டு, உதவிகளும் உண்டு. ஆனால் அவை அரசாணைகளிலும் கணினித் திரைகளிலும் இருக்கின்றன. கல்லூரியில் காலடி வைத்தவரே இல்லாத குடும்பத்தில் அவற்றை எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்? கட்டணம் கட்ட வழியில்லை என்று படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைக்கு, உரிய உதவி பக்கத்திலேயே இருந்தது என்பது காலம் கடந்த பின்னரே தெரிய வருகிறது.

சான்றிதழ்களே முதற்படி

தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. லப்பை, தக்கனி, ஷேக், சையத், மாப்பிள்ளை, தூதேகுலா, அன்சார் ஆகிய பிரிவினர் இதில் அடங்குவர். ராவுத்தரும் மரைக்காயரும் லப்பை என்பதிலேயே சேர்வர். சாதிச் சான்றிதழில் இப்பிரிவு முறையாகக் குறிக்கப்படாவிடின் ஒதுக்கீடு கைநழுவும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், சாதி, வருமானம், இருப்பிடம் ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிட வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. பள்ளியில் 'முகம்மது', ஆதாரில் 'முஹம்மத்', வங்கியில் 'எம்.டி.' என ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள்! உதவித்தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வரும் இக்காலத்தில், எழுத்து மாறினால் பணமும் நின்றுவிடும். பெயர்த் திருத்தத்தைப் பள்ளிப் பருவத்திலேயே முடித்துக்கொள்வது நலம்.

எவை, யாருக்கு?

ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010ஆம் ஆண்டு அறிமுகமாயிற்று. அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்க்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றுக்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறை விடுதிகளில் உணவும் உறைவிடமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பள்ளிவாசல், மதரஸாப் பணியாளர்களின் பிள்ளைகளோ 2009இல் அமைந்த உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தின் கல்வி உதவியைக் கேட்டுப் பெறலாம்; பெற்றோர் அதில் உறுப்பினராகப் பதிந்திருத்தல் அவசியம்.

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். சேரும் ஆண்டின் நிலையைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிக.

பணம் மட்டும் போதுமா?

ஊரை விட்டுப் போகும் பிள்ளைக்குத் தனிமையும் அச்சமும் வரும். 1996இல் மருத்துவ மாணவர் ஒருவர் பகடிவதையின்போது கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997இல் தமிழகம் அதனைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றியது. இன்று 1800-180-5522 என்ற எண்ணில் நாடெங்கிலுமிருந்து முறையிடலாம். மனம் சோர்ந்தால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை பெறலாம். மதிப்பெண் குறைந்த பிள்ளையை ஏசுவதற்கு முன், அவன் உறங்கினானா, உண்டானா என்று கேளுங்கள். மகள் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வந்தால், "இதற்குத்தான் படிக்க வேண்டாம் என்றேன்" என்று அவள் வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஜமாஅத்தார் என்ன செய்யலாம்?

அரசு உதவி என்றும் நிலைத்திருக்கும் என்பதற்கில்லை. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்காக 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை, 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. வங்கிக் கல்விக்கடனோ வட்டியோடு வருவது. அதற்கு அஞ்சியே மேற்படிப்பைக் கைவிடும் குடும்பங்கள் நம்மில் உண்டு. இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1983இல் தொடங்கிய திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது: வட்டியின்றிப் பெற்ற தொகையை, மாணவர் வேலைக்குப் போன பின் சமுதாய அறக்கட்டளைக்குத் திருப்பித் தர, அது அடுத்த மாணவருக்குப் பயன்படும். உத்திரமேரூர் போன்ற சிற்றூர் ஜமாஅத்துகளும் பைத்துல்மால் வழியே, தம்மால் இயன்ற அளவில், இவ்வழகிய கடனை நடத்தலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள மாணவர் யார் என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

அதற்குப் பெருநிதி சேரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பள்ளிவாசல் முகப்பில் ஒரு பலகை போதும். எந்த உதவி, எந்தச் சான்று, எந்த நாளுக்குள் என்பதை அதில் எழுதி, படித்த இளைஞர் இருவர் ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கட்டும். தாய்மார்களுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும். பெண்களுக்கான ஒரு நேரமும் ஒதுக்கட்டும். நிதி திரட்டினால், வரவும் செலவும் ஆண்டுதோறும் அதே பலகையில் ஏறட்டும்; உதவி பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் ஏற வேண்டாம். கணக்கு ஊரறியவும், கொடை மறைவாகவும் இருப்பதே முறை.