எல்லா போர்டும் பாஸ், சாட்டிலைட் ஃபெயில்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தப்பட்டது.)

இந்த எபிசோடை லால்குடியில எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு சின்ன சாட்டிலைட் தலைக்கு மேல போச்சு. லேப்டாப்ல செருகின ஒரு டாங்கிள், இன்ச் டேப்பை வெட்டிச் செஞ்ச ஆன்டெனா, அவ்வளவுதான் என் சாமான். கொள்ளிடம் பக்கம் எழும்பி, பெரம்பலூர் பக்கம் மறையறதுக்குள்ள பத்து நிமிஷம்கூட ஆகல. கிடைச்சது சில பீப் சத்தம். அம்மா மேல வந்து, "இதுக்காடா சாப்பிடாம நிக்குற?"ன்னு கேட்டாங்க.

இதுக்குத்தான். காலேஜ்ல நாங்களும் ஒரு சாட்டிலைட் கட்டினோம். அது மேல போகவே இல்ல. ஏன் போகலங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட். அதுக்கு ஒரு பெரிய பேரு இருக்கு: சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்.

எங்க கதை

டிபன் பாக்ஸ் சைஸ்ல ஒரு பெட்டி. பவர் டீம், ரேடியோ டீம், கம்ப்யூட்டர் டீம், கேமரா டீம்னு பிரிஞ்சு வேலை செஞ்சோம். மூணு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு போர்டும் தனித்தனியா டெஸ்ட்ல பாஸ். ஒருநாள் எல்லாத்தையும் ஒண்ணா மாட்டி, பேட்டரியை இணைச்சோம். ரேடியோ ஒரு தடவை கத்திச்சு, எல்லாம் அணைஞ்சது. திரும்ப உயிர் வந்துச்சு, திரும்ப கத்திச்சு, திரும்ப அணைஞ்சது. ராத்திரி முழுக்க இதேதான்.

நடந்தது இதுதான். ரேடியோ ஆன் ஆகுற நொடியில நிறைய கரண்ட் இழுக்கும், பேட்டரி வோல்டேஜ் சட்டுன்னு சரியும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, ஏதோ ஆபத்துன்னு ரீசெட் ஆகும். எழுந்ததும் அது செய்யற முதல் வேலை, "நான் உயிரோட இருக்கேன்"னு சொல்ல ரேடியோவை ஆன் பண்றது!

தேடிப் பார்த்தா, ரேடியோ டீம் எழுதிக் கொடுத்த ஷீட்ல இருந்த கரண்ட் அளவு சராசரி. பவர் டீம் அதை உச்சம்னு படிச்சிருக்கு. ரெண்டு பேருமே தப்பா வேலை செய்யல. ஆனா அந்த ஒரு எண்ணுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு டீமையும் ஒரே மேஜையில உட்கார வெச்சுக் கேட்ட ஆள் எங்ககிட்ட இல்ல. அந்த ஆள்தான் சிஸ்டம்ஸ் இன்ஜினியர். போர்டுக்குள்ள என்ன இருக்குங்கிறதை அந்தந்த டீம் பார்த்துக்கும். ஒரு போர்டுக்கும் இன்னொரு போர்டுக்கும் நடுவுல இருக்கிற கனெக்டர், வோல்டேஜ், நேரம், சூடு, எடை எல்லாம் இவர் பொறுப்பு.

40 கிலோவில் இருந்து ஒன்றரை கிலோ

திருச்சிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அப்துல் கலாமும் ஸ்ரீரங்கத்து சுஜாதாவும் திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல படிச்சிட்டு, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனவங்க. பின்னாடி அண்ணா பல்கலைக்கழகத்தோட ஓர் அங்கமா ஆன அதே எம்.ஐ.டி. வளாகத்துல இருந்துதான் 'அனுசாட்' இயக்கப்பட்டுச்சு. இஸ்ரோ வழிகாட்ட, ஓர் இந்தியப் பல்கலைக்கழகம் கட்டின முதல் சாட்டிலைட் அது. 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 அதை ஏத்திட்டுப் போச்சு. எடை 40 கிலோ.

அது செஞ்ச வேலை கிட்டத்தட்ட தபால்காரர் வேலை. ஓர் ஊருக்கு மேல போகும்போது ஒரு செய்தியை வாங்கி வெச்சுக்கும், இன்னோர் ஊருக்கு மேல வரும்போது கொடுக்கும்.

அதுக்கப்புறம் 2011-ல எஸ்.ஆர்.எம்.சாட் போச்சு, எடை சுமார் 11 கிலோ. 2016-ல சத்யபாமாசாட், ஒன்றரை கிலோ. பெட்டி சின்னதாச்சுன்னா செலவு குறையும், ராக்கெட்ல இடம் கிடைக்கிறதும் சுலபம். ஆனா உள்ள இருக்கிற ஒவ்வொருத்தரும் அடுத்தவர் காலை மிதிக்காம நிக்கிறது கஷ்டமாயிடும்.

மாசச் சம்பளம் மாதிரி ஒரு கணக்கு

எவ்வளவு கஷ்டம்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து சென்டிமீட்டர் கனசதுரம் ஒண்ணை எடுத்துக்கோங்க. கியூப்சாட்னு சொல்றாங்களே, அதோட அடிப்படை அளவு.

பூமிக்கு வர்ற சூரிய ஒளி, ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1,360 வாட். நம்ம பெட்டியோட ஒரு முகத்துல விழறது 13.6 வாட். நல்ல சோலார் செல் அதுல 30 சதவீதத்தை மின்சாரமாக்கும். அதாவது 4 வாட். அதுவும் சூரியனை நேரா பார்க்கும்போதுதான். சாட்டிலைட் சுத்திக்கிட்டே இருக்கும். சுமார் 95 நிமிஷத்துல பூமியை ஒரு சுத்து வரும்போது, அதுல 35 நிமிஷம் வரைக்கும் பூமியோட நிழல்ல போகும். சராசரியா 2 வாட் தேறினாலே பெருசு. உங்க வீட்டு எல்.ஈ.டி. பல்பு 9 வாட்!

இப்போ ரேடியோ. 1 வாட் சிக்னல் வெளியே போகணும்னா, உள்ள அது 3, 4 வாட் சாப்பிடும். வரவு 2, செலவு 4. அதனால எப்பவும் பேசிட்டே இருக்க முடியாது. தரையில இருக்கிற ஸ்டேஷன் கண்ணுக்குப் படுற நேரத்துல மட்டும் பேசணும். வடக்கு தெற்கா சுத்துற சாட்டிலைட்டுன்னா, அந்த நேரம் நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு அதிகபட்சம் பத்து நிமிஷம்.

ஸ்பீடு? மாணவர் சாட்டிலைட்ல சாதாரணமா நொடிக்கு 9,600 பிட். பத்து நிமிஷம் முழுசா கிடைச்சாலும் 720 கிலோபைட். உங்க பெரியப்பா ஃபேமிலி குரூப்ல போடுற காலை வணக்கம் படம் ரெண்டு மூணு வரும். கேமரா டீம் 3 எம்.பி. படம் எடுப்போம்னு ஆசைப்பட்டா, ஒரே ஒரு படத்தை இறக்க ஒரு நாளுக்கு மேல ஆகும்.

சரி, ரேடியோவை வேகமாக்குவோமா? பவர் கூடும். பவர் கூடணும்னா பெரிய பேட்டரி, எடை ஏறும். சூடும் ஏறும். மேல காத்து இல்ல, ஃபேன் வெச்சுப் பிரயோஜனம் இல்ல. உலோகம் வழியா கடத்தி, வெளியே கதிர்வீச்சாத்தான் அந்தச் சூடு போகணும். கேமரா டீமோட ஓர் ஆசை, நாலு டீமோட கணக்கை மாத்திடுது. அதனாலதான் பவர், எடை, டேட்டான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்ஜெட் போடுறாங்க. சம்பளம் வந்ததும் வாடகை, இ.எம்.ஐ., மளிகைன்னு பிரிக்கிறோம் இல்லையா, அதே மாதிரி.

இலைக்கணக்கு

இதுல ஒரு பொறி இருக்கு. கல்யாணத்துக்கு 500 பேர்னு வெச்சுக்கோங்க. மாமா எதுக்கும் இருக்கட்டும்னு 550-ன்னு சொல்வார். மண்டபக்காரர் அதை 600 ஆக்குவார். சமையல் மாஸ்டர் 700 பேருக்குச் சமைப்பார். ஒவ்வொருத்தரும் நல்லெண்ணத்துலதான் செஞ்சாங்க. கடைசியில சோறு மிஞ்சிப்போகும்.

சாட்டிலைட்ல மிஞ்சினா கொட்ட இடமில்ல. ஒவ்வொரு டீமும் ரகசியமா பத்து சதவீதம் கூட்டிச் சொன்னா பெட்டி மூடாது. அதனால டீம் உண்மையான எண்ணைத்தான் சொல்லணும். எதுக்கும் இருக்கட்டும்ங்கிற அந்த உபரி ஒரே ஒருத்தர் கையில இருக்கணும். ஆரம்பத்துல 20 சதவீதம் மாதிரி வெச்சுக்கிட்டு, டிசைன் உறுதியாக உறுதியாக அவர் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுப்பார்.

750 மாணவிகள், 2 நொடி

இந்த 'நடுவுல' பிரச்சினை மாணவர்களுக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க.

2022 ஆகஸ்ட் 7. இஸ்ரோவோட புது ராக்கெட் எஸ்.எஸ்.எல்.வி.க்கு முதல் பயணம். அதுல 'ஆசாதிசாட்'. சென்னையில இருக்கிற ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைச்சது. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள், 750 மாணவிகள். மதுரை பக்கம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதுல உண்டு. மொத்தம் 75 குட்டி பேலோடு, சாட்டிலைட் எடை 8 கிலோ.

ராக்கெட்ல வேகமாற்றத்தை அளக்கிற ஆக்சிலரோமீட்டர்கள் ஆறு இருந்துச்சு. ரெண்டாவது கட்டம் பிரியும்போது ஓர் அதிர்வு வந்து, ஆறும் கொஞ்ச நேரம் திக்குமுக்காடிச்சு. சென்சார் கெட்டுப்போச்சான்னு முடிவு பண்ற லாஜிக் 2 நொடி பார்த்துட்டு, ஆறும் போச்சுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. உண்மையில ஒண்ணுகூடக் கெடல. அதுக்கப்புறம் ராக்கெட் தன் சென்சாரை நம்பாம, ஏற்கெனவே போட்டு வெச்ச கணக்குப்படி போச்சு. கடைசி வேகத்துல குறைஞ்சது சுமார் ஒரு சதவீதம்தான். 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலா, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரைக்கும் தாழ்ற நீள்வட்டம் கிடைச்சது. அங்கே காத்து இருக்கு, சாட்டிலைட் தங்காது.

சென்சார் நல்ல சென்சார். லாஜிக்கும் தனக்குக் கொடுத்த விதியைத்தான் செஞ்சது. அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கும்ங்கிற எண்ணும், எவ்வளவு நேரம் பொறுக்கலாம்ங்கிற எண்ணும்தான் ஒத்துப்போகல. எங்க கரண்ட் ஷீட் மாதிரியே!

இஸ்ரோ பிரிக்கிற அமைப்பையும் லாஜிக்கையும் மாத்திச்சு. மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட்-2, 2023 பிப்ரவரி 10 அன்று எஸ்.எஸ்.எல்.வி. டி-2-ல போய், இந்தத் தடவை சரியா பாதையில நின்னுச்சு.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா

எங்க சாட்டிலைட்டுக்கு மருந்து ரொம்பச் சின்னது. எழுந்ததும் ரேடியோவைத் தொடாதே, முதல்ல பேட்டரி வோல்டேஜைப் பார், தேறலைன்னா காத்திரு. நாலஞ்சு வரி கோடு, ஒரு மத்தியானத்துல எழுதிட்டோம். ஆனா அது நாலாவது வருஷம். அதிர்வு டெஸ்ட், வெற்றிட டெஸ்ட் எதுக்கும் நேரமும் இல்ல, பணமும் இல்ல. பெட்டி இப்போ டிபார்ட்மென்ட்ல ஒரு கண்ணாடி அலமாரியில இருக்கு.

அதனால எங்கிட்ட யாராவது ஜூனியர் கேட்டா ரெண்டே விஷயம் சொல்வேன். போர்டு வாங்குறதுக்கு முன்னாடி, யார் யாருக்கு என்ன கொடுக்கிறாங்கன்னு ஒரு பக்கம் எழுதி, ரெண்டு பக்கத்து டீமும் கையெழுத்துப் போடுங்க. எண்ணுக்குப் பக்கத்துல அது சராசரியா, உச்சமான்னு எழுதுங்க. ரெண்டாவது, மூணு வருஷம் காத்திருக்காதீங்க. முதல் மாசமே, அரைகுறை போர்டா இருந்தாலும், எல்லாத்தையும் மேஜையில பரப்பி ஒண்ணா இணைச்சு, ஒரு நாள் முழுக்கக் கை வைக்காம ஓட விடுங்க. எது அணையுதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

அடுத்த பாஸ் இன்னும் ஒன்றரை மணி நேரத்துல. அதுக்குள்ள கீழே போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடறேன், இல்லைன்னா அம்மா திரும்ப மேல வந்துடுவாங்க.