கொல்லனுக்கு வேறு வேலை

வாசகங்கள்: எசாயா 2:1-5; திருத்தூதர் பணிகள் 19:23-41



எபேசு நகரில் தெமேத்திரியு என்றொரு வெள்ளித் தட்டான் இருந்தார். அர்த்தமி தேவதையின் கோவிலைச் சிறுசிறு உருவங்களாக வெள்ளியில் செய்து விற்பது அவர் தொழில். அதை நம்பிப் பல கைவினைஞர் பிழைத்தார்கள். புனித பவுல் அங்கே நற்செய்தியை அறிவித்ததும் தொழில் படுத்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. தெமேத்திரியு எல்லாரையும் கூட்டினார். நம் வளமான வாழ்வு இந்தத் தொழிலால்தானே வருகிறது என்று முதலில் வருமானத்தைப் பற்றிப் பேசினார். தேவதையின் பெருமையை அதன்பிறகுதான் எடுத்தார். நகரே கொதித்தது. அரங்கத்தில் இரண்டு மணி நேரம் முழக்கம். கூடியிருந்தவர்களுள் பெரும்பாலோருக்கு எதற்காகக் கூடினோம் என்றே தெரியவில்லை என்கிறார் புனித லூக்கா.

தெமேத்திரியுவைக் குறை சொல்வது நமக்கு எளிது. ஆனால் அவரோடு நின்ற தொழிலாளியின் மனத்தில் இருந்த கேள்வி நம் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி: நாளைக்கு அடுப்பு எரியுமா? இதே கேள்வி 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டு அரசை ஒன்பது நாள் உலுக்கியது. அதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

முதலில் ஏமன். இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. 2016 மார்ச் 4 அன்று ஏடன் நகரில் அன்னை தெரேசாவின் சபைச் சகோதரிகள் நடத்திய முதியோர் இல்லத்தில் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்து, நான்கு அருள்சகோதரிகள் உட்பட 16 பேரைக் கொன்றார்கள். கேரளத்தைச் சேர்ந்த சலேசியக் குரு டாம் உழுன்னாலில் கடத்தப்பட்டார். 2017 செப்டம்பரில் அவர் விடுதலையாகும்வரை நம் நாட்டின் எத்தனையோ ஆலயங்களில் அவருக்காக மன்றாடினார்கள். அந்த நாட்டில் 2014 முதல் உள்நாட்டுப் போர். 2015 மார்ச் 26 முதல் சவுதி அரேபியா தலைமையிலான கூட்டணி வானிலிருந்து குண்டு வீசத் தொடங்கியது. எதிர்த்தரப்பான ஹவுதி படையினர் கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். சவுதி நகரங்கள் மீது ஏவுகணை எய்தார்கள். எந்தத் தரப்பின் கையும் சுத்தமில்லை. 2021 இறுதிக்குள் ஏறக்குறைய 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கணக்கிட்டது. அவர்களுள் பத்தில் ஆறு பேர் பசியாலும் நோயாலும் போரின் பிற விளைவுகளாலும் மாண்டவர்கள்.

2018 ஆகஸ்ட் 9 அன்று ஏமனின் வடபகுதியில், தஹ்யான் என்ற ஊரின் சந்தையில், பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்தின் மீது குண்டு விழுந்தது. 51 பேர் இறந்தார்கள். அவர்களுள் 40 பேர் குழந்தைகள் என்று பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவித்தது. அந்தக் குண்டு அமெரிக்காவில் செய்யப்பட்டது என்று செய்தியாளர்கள் கண்டறிந்தார்கள். தவறு நேர்ந்ததென்று கூட்டணியே பின்னர் ஒப்புக்கொண்டது.

அப்போது ஸ்பெயின் அரசின் கையில் ஒரு பழைய ஒப்பந்தம் இருந்தது. லேசர் கதிரால் இலக்குக்கு வழிநடத்தப்படும் 400 குண்டுகளைச் சவுதி அரேபியாவுக்கு விற்பதென்று 2015இல் முந்தைய அரசு கையெழுத்திட்டிருந்தது. விலை 92 இலட்சம் யூரோ. செப்டம்பர் 4 அன்று, இந்தக் குண்டுகளை அனுப்பமாட்டோம், பணத்தைத் திருப்பித் தருவோம் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அமைதியை விரும்பியவர்கள் மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஸ்பெயினின் தென்கோடியில், காதிஸ் வளைகுடாவில், அரசுக்குச் சொந்தமான நவான்சியா கப்பல் கட்டும் தளங்கள் உள்ளன. அங்கே சவுதி கடற்படைக்காக ஐந்து போர்க்கப்பல்கள் கட்ட அந்த ஜூலையில்தான் ஒப்பந்தம் ஆகியிருந்தது. மதிப்பு ஏறக்குறைய 180 கோடி யூரோ. நேரடியாகவும் மறைமுகமாகவும் 6,000 பேருக்கு வேலை என்று சொல்லப்பட்டது. வேலையின்மை ஸ்பெயினிலேயே மிக அதிகமாக உள்ள பகுதிகளில் காதிஸ் ஒன்று. குண்டுகளை நிறுத்தினால் கப்பல் ஒப்பந்தமும் கைநழுவும் என்ற பேச்சு பரவியதும் தொழிலாளர்கள் சாலையில் இறங்கி மறித்தார்கள். செப்டம்பர் 13 அன்று, குண்டுகள் அனுப்பப்படும் என்று வெளியுறவு அமைச்சர் யோசப் பொரெல் வானொலியில் அறிவித்தார்.

அன்பார்ந்தவர்களே, அரசு சொன்ன காரணங்களை நேர்மையாக எடுத்துப் பார்ப்போம். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். இது குறி தப்பாத குண்டு, ஆகவே மற்றக் குண்டுகளைப்போல் அப்பாவிகளைக் கொல்லாது என்றார்கள். தொழிலாளரின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்றார்கள். நாம் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார் என்பதும் இத்தகைய விவாதங்களில் தவறாமல் வரும் வாதம்.

ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. தீமை செய்வதற்குக் கொடுத்த வாக்கு மனிதனைக் கட்டாது. ஏரோது அரசன் விருந்தினர் முன்னால் ஆணையிட்டுவிட்டேன் என்றுதான் திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டச் சொன்னான். குறி தப்பாத குண்டு, குறிவைத்தவன் சந்தையைக் குறிவைத்தால் சந்தையின் மீதுதான் தப்பாமல் விழும். வேறொருவர் விற்பார் என்பது திருடனும் சொல்லக்கூடிய நியாயம். ஆனால் பிழைப்பைப் பற்றிய வாதத்தை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

திருச்சபை என்ன கற்பிக்கிறது? ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை அது மறுப்பதில்லை. ஆனால் ஆயுதங்களைச் செய்வதும் விற்பதும் நாடுகளின் பொதுநலனைத் தொடும் செயல்கள். ஆகவே அவற்றைக் கட்டுப்படுத்துவது அரசுகளின் உரிமையும் கடமையும் ஆகும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2316இல் கூறுகிறது. ஆயுதப் போட்டி மனித குலத்துக்குப் பெரும் கண்ணி, அதில் அதிகம் சிக்குவோர் ஏழைகளே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் எச்சரித்தது. உலக நாடுகளும் இதே வழியில் சில வரம்புகளை வகுத்துள்ளன. 2013இல் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்று, 2014 டிசம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுத வணிக உடன்படிக்கையின்படி, தான் விற்கும் ஆயுதம் பொதுமக்களைத் தாக்கவோ வேறு போர்க்குற்றம் புரியவோ பயன்படும் என்று தெரிந்திருந்தால் ஒரு நாடு அதை விற்கக்கூடாது. ஸ்பெயின் இந்த உடன்படிக்கையில் இணைந்த நாடு.

அப்படியானால் கப்பல் தளத்தில் இரும்பை வெல்டிங் செய்கிறவர் பாவியா? நம் அறநெறி இறையியல் இதற்குப் பொறுமையாக விடை தருகிறது. பிறர் செய்யும் தீமைக்கு ஒத்துழைப்பதில் படிகள் உண்டு. அந்தத் தீமையை மனத்தால் விரும்பி உதவுவது ஒன்று. விரும்பாமல், தன் செயலால் ஏதோ ஒரு வகையில் துணையாகிவிடுவது மற்றொன்று. அந்தத் தீமைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார், அவர் இல்லாவிட்டால் அது நடக்குமா, விலகினால் அவர் இழப்பது என்ன என்றெல்லாம் எடைபோட வேண்டும். உரிமத்தில் கையெழுத்திடும் அமைச்சர் மிக அருகில் நிற்கிறார். மறுக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய தொழிலாளி தொலைவில் நிற்கிறார். பொறுப்பு இருவருக்கும் சமமல்ல. காதிஸில் நடந்தது என்ன? தெரிவு செய்ய வேண்டியவர்கள், அந்தச் சுமையைத் தெரிவே இல்லாத தொழிலாளியின் தோளில் ஏற்றினார்கள். ஏமன் குழந்தையின் உயிருக்கும் காதிஸ் குழந்தையின் உணவுக்கும் நடுவே அவரை நிறுத்தி வைத்தார்கள்.

தொலைவில் நிற்பவருக்கும் மனச்சான்று உண்டு என்பதையும் நாம் கண்டோம். 2019 மே 20 அன்று இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்துக்கு ‘பாஹ்ரி யான்பு’ என்ற சவுதி சரக்குக் கப்பல் வந்தது. அதில் ஏற்றவிருந்த மின்னாக்கிகள் போருக்குப் பயன்படும் என்று கருதிய துறைமுகத் தொழிலாளர்கள், அவற்றை ஏற்ற மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் சரக்கு இல்லாமலே கப்பல் புறப்பட்டது. 2021 ஜனவரியில் இத்தாலி அரசு, சவுதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் குண்டுகளும் ஏவுகணைகளும் விற்பதற்கான உரிமங்களைத் திரும்பப் பெற்றது. குண்டுகள் தயாரான சார்தீனியத் தீவின் தோமுஸ்நோவாஸ் ஊரில் சிலர் குழுவாகச் சேர்ந்து, ஆலையை மூடிவிட்டுப் போகாதீர்கள், அமைதிக்கு உதவும் வேறு பொருளைச் செய்யும் ஆலையாக மாற்றுங்கள் என்று கேட்டார்கள்.

இந்தக் கோரிக்கை இறைவாக்கினர் எசாயாவின் கோரிக்கைதான். நாம் அடிக்கடி கேட்கும் அந்த இறைவாக்கைச் சற்று நின்று கவனிப்போம். வாளைக் கலப்பைக் கொழுவாகவும் ஈட்டியைக் கருக்கரிவாளாகவும் அடிக்கும் நாள் வரும் என்கிறார் எசாயா. வாளை உடைத்து எறியச் சொல்லவில்லை. உலையை அணைக்கச் சொல்லவில்லை. கொல்லனை வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. அதே உலை, அதே சம்மட்டி, அதே கை. செய்யும் பொருள் மட்டும் வேறு. ஆண்டவர் வாக்களிக்கும் அமைதியில் கொல்லனுக்கும் வேலை இருக்கிறது.

இது வெறும் கனவா? காதிஸ் வளைகுடாவையே பாருங்கள். அங்கே நவான்சியாவின் புவெர்த்தோ ரியால் தளத்தில்தான், பால்டிக் கடலில் ஜெர்மனிக்கு மின்சாரம் தரும் விக்கிங்கர் காற்றாலைப் பண்ணைக்கான துணை மின்நிலையம் கட்டப்பட்டது. கலப்பைக் கொழு செய்யும் திறமை அந்தக் கைகளுக்கு ஏற்கெனவே உண்டு. அந்த வேலையைத் தேடிக் கொண்டுவருவது ஆள்வோரின் கடமை. இக்கடமையைச் செய்யாமல், குண்டா பட்டினியா என்று ஏழையிடம் கேட்பது அநீதி. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் ஸ்பெயின் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இந்த ஆயுத விற்பனை பற்றிக் கேட்கப்பட்டபோது, இன்னொரு நாட்டில் போரை ஊட்டி வளர்ப்பவர்களுக்கு அமைதியைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்ற கருத்தில் விடையளித்தார்.

நம் பங்கில் ஆயுத ஆலை இல்லை, அமைச்சரும் இல்லை. எனினும் ‘பிழைப்புக்காக’ என்ற சொல் நம் வீடுகளிலும் ஒலிக்கிறது. நாம் செய்யும் தொழில், வாங்கும் இலாபம், அளிக்கும் வாக்கு ஆகியவற்றால் கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அழுகிறாரா என்று கேட்போம். அப்படி ஒரு வேலையில் சிக்கியிருப்பவரைக் கண்டால் கல்லெறியாமல், அவருக்கு வேறு வேலை தேடித் தருவோம். அதுவும் அமைதிப் பணியே. வரும் ஞாயிறு இறைமக்கள் மன்றாட்டில் ஏமன் நாட்டுக் குழந்தைகளையும், உலகெங்கும் ஆயுத ஆலைகளில் உழைக்கும் தொழிலாளர்களையும் ஒரே மன்றாட்டில் சேர்த்து நினைவுகூர்வோம்.

அமைதியின் அரசராம் இயேசு, ஆள்வோருக்கு அஞ்சாத மனச்சான்றையும், உழைப்போருக்கு மாசற்ற உணவையும் தந்தருள்வாராக. ஆமென்.